ஆகஸ்ட் இருபத்து மூன்று

கண்ணு,

நீ கோபித்துக்கொண்டு சென்னைக்குப் போய் இன்றோடு பதினோரு நாள் ஆகிறது. போனை எடுத்து உன் பெயர் வரைக்கும் போய்விட்டு எத்தனையோ முறை திரும்ப வைத்துவிட்டேன். நான் சொல்ல வேண்டியதை வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே நிறுத்திவிடுவேன், நீயும் சமாதானம் செய்வதாக நினைத்துப் பேச்சை மாற்றிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். இத்தனை வருடமாக நூலகத்தில் மற்றவர்கள் எழுதியதை அடுக்கிவைத்த கை இது. சொந்தமாக இவ்வளவு நீளமாக எதையும் எழுதியதில்லை. கோர்வை இல்லாமல் இருந்தால் பொறுத்துக்கொண்டு கடைசி வரை படி.

அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்தே தொடங்குகிறேன். நிவேதாவின் அப்பாவும் அம்மாவும் கல்யாணத் தேதி பேச நம் வீட்டுக்கு வந்திருந்தார்கள். ஜோசியர் குறித்துக் கொடுத்த மூன்று தேதிகளில் இரண்டுக்கு மண்டபம் கிடைக்கவில்லை. மூன்றாவதைச் சொல்லும்போது நிவேதாவின் அப்பா முகத்தில்தான் எத்தனை சந்தோஷம்! "ஆகஸ்ட் இருவத்தி மூணுங்க. ஞாயித்துக்கிழமை, வர்றவங்களுக்கு லீவு. அதுக்கு நாலஞ்சு நாள் கழிச்சுத்தான் பௌர்ணமி, கிரிவலக் கூட்டமும் இருக்காது. ஊருக்குள்ள கார் ஈஸியா வந்துடும்" என்றார். நான் கையில் இருந்த காபித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "அந்தத் தேதி வேணாங்க" என்றேன். "ஏம்மா, நாள்ல எதாவது கொற இருக்குதா?" என்று அவர் கேட்டார். "வேணாம்னா வேணாங்க." அவ்வளவுதான் சொன்னேன். உன் அப்பா, "மோட்டார ஆஃப் பண்ணனான்னு பாக்கறேன்" என்று எழுந்து பின்பக்கம் போனவர் அவர்கள் கிளம்பும் வரை வரவேயில்லை. நிவேதாவின் அம்மா காபியைத் தொடாமல் எழுந்துகொண்டார். அவர்கள் போனதும் நீ என் முன்னால் நின்று, "உனக்கு அவளப் புடிக்கலன்னா நேரா சொல்லிடும்மா. தேதி மேல பழி போடாத" என்றாய். நான் காபித் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். நீ பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டாய்.

நிவேதாவை எனக்குப் பிடிக்கும். முதலில் அதைத் தெளிவாக எழுதிவிடுகிறேன். முதல் நாள் வீட்டுக்கு வந்தபோதே, நான் கேட்காமல் சமையலறைக்குள் வந்து தேங்காய் துருவிக் கொடுத்துக்கொண்டே, உன்னைப் பற்றி என்னிடம் நான்கு புகார் சொன்ன பெண் அவள். அப்படிப்பட்டவளை எப்படிப் பிடிக்காமல் போகும்? காரணம் அவள் இல்லை. தேதிதான்.

நீ எங்கள் முதல் குழந்தை இல்லை, கண்ணு. நீ பிறப்பதற்கு மூன்று வருடம் முன்னால் உனக்கு ஓர் அக்கா பிறந்தாள். பதின்மூன்று நாள் இருந்தாள். ஆகஸ்ட் இருபத்து மூன்றாம் தேதி போய்விட்டாள்.

இந்த வரியை எழுதிவிட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். இனி எழுத முடியும் என்று நினைக்கிறேன். எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். என் உள்ளங்கையிலும் மணிக்கட்டிலும் அடங்கிவிடுகிற அளவு. பிரசவத்துக்கு நான் அடி அண்ணாமலையில் என் அம்மா வீட்டில் இருந்தேன். உன் அப்பா அப்போது பெங்களூர் பஸ்ஸில் கண்டக்டர். ஒரு முறை டூட்டிக்குப் போனால் மறுநாள்தான் வருவார். குழந்தையை அவர் பார்த்ததே இரண்டு முறைதான். அன்று காலையில் அவள் பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருந்தாள். விடிய விடிய அழுத குழந்தை இப்போதாவது தூங்குகிறதே என்று நானும் பக்கத்தில் படுத்துத் தூங்கிவிட்டேன். நான் உன்னிடம் ஒப்புக்கொள்ள வேண்டியது இதுதான். தூங்கிவிட்டேன். விழித்தபோது உச்சிவேளை. அவள் பாதத்தைத் தொட்டேன். சில்லென்று இருந்தது. உன் மாமா என்னையும் அவளையும் மொபெட்டின் பின்னால் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். வழியில் தூக்கிப் பிடித்த என் புடவைத் தலைப்புக்குள் அவள் ஒரு முறை வாயைக் கோணினாள். சிரிக்கிறாள் என்று நினைத்தேன். டாக்டர் வயதான மனிதர், நல்லவர். பார்த்துவிட்டு, "கொற மாசக் கொழந்தம்மா. காலையிலயே கொண்டாந்திருந்தாலும் சொல்ல முடியாது" என்றார். என்னைத் தேற்றத்தான் அப்படிச் சொன்னார். ஆனால் சொல்ல முடியாது என்றால் காப்பாற்றியிருக்கலாம் என்றும்தானே வைத்துக்கொள்ளலாம்? நான் அந்தப் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

சாயங்காலமே மாமா எங்கள் நிலத்து மூலையில் அடக்கம் செய்துவிட்டு வந்தார். என்னை அழைத்துப் போகவில்லை. மறுநாள் காலை உன் அப்பா டூட்டி முடித்து நேராக என் அம்மா வீட்டுக்கு வந்தார். தோளில் காக்கிப் பை, கையில் காகிதத்தில் சுற்றிய ஒரு சின்னக் கம்பளிக் குல்லா. பெங்களூர் மார்க்கெட்டில் வாங்கியது. வாசலில் நின்றவர்களின் முகத்தைப் பார்த்தார். உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் தூங்கிவிட்டதைச் சொன்னேன். "விடு" என்றார். அந்த ஒரு சொல்லோடு நாங்கள் அதைப் பேசுவதை நிறுத்திவிட்டோம். பச்சைக் குழந்தைக்குத் திதி கிடையாது, காரியம் கிடையாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். போனவர்களுக்கெல்லாம் பஞ்சாங்கத்தில் ஒரு நாள் இருக்கிறது, அன்று இலை போட்டு நினைத்துக்கொள்கிறோம். அவளுக்கு அது இல்லை. எனக்கு மிஞ்சியது காலண்டரில் வருகிற இந்த இங்கிலீஷ் தேதி ஒன்றுதான். அதனால் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பிறகு நீ பிறந்தாய். மூத்தது போனதை இவனிடம் சொல்லாதீர்கள், பயந்துபோவான் என்றார்கள். சரி, வளர்ந்தபின் சொல்லலாம் என்று இருந்தோம். நீ வளர்ந்தாய். சொல்லாமல் இருப்பது எங்களுக்குப் பழகிவிட்டது.

நூலக வேலை எனக்கு நீ பிறந்த அடுத்த வருடம் கிடைத்தது. வாசல் பக்கம் சாத்திவைத்திருந்த பழைய கரும்பலகையில் தினமும் காலையில் 'வரலாற்றில் இன்று' எழுதுவதை நானாகத்தான் ஆரம்பித்தேன். உனக்கு அது தெரியும். பள்ளிக்கூடம் விட்டு வந்து அங்கேயே உட்கார்ந்துதானே வீட்டுப்பாடம் செய்வாய். பரீட்சைக்குப் படிக்க வருகிற பிள்ளைகள் செருப்பைக் கழற்றும்போதே அதைப் படித்து நோட்டில் குறித்துக்கொள்வார்கள். நான் ஏன் அதை ஆரம்பித்தேன் என்று யாரும் கேட்டதில்லை. என் தேதியில் உலகத்தில் வேறு என்னவெல்லாம் நடந்தது என்று தேடத்தான் முதலில் அந்தப் புத்தகங்களைப் புரட்டினேன். ஒரு நாளை மட்டும் எழுதினால் யாராவது கேட்பார்களே என்று எல்லா நாளையும் எழுதினேன்.

ஆகஸ்ட் இருபத்து மூன்றுக்கு நிறைய இருந்தது. இருநூறு வருடத்துக்கும் முன்னால் கரீபியன் கடலில் ஒரு தீவில் அடிமைகளாக இருந்தவர்கள் அந்த நாளில்தான் எதிர்த்து எழுந்தார்கள். அடிமை வணிகத்தை மறந்துவிடக் கூடாது என்று உலகம் இன்றைக்கும் அந்த நாளை வைத்திருக்கிறது. 1939-இல் அதே நாளில் ஜெர்மனியும் சோவியத் ரஷ்யாவும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன. அதில் ரகசியமாகச் சின்னச் சின்ன நாடுகளைத் தங்களுக்குள் பங்கு பிரித்துக்கொண்டன. ஒன்பது நாளில் உலகப் போர் வந்துவிட்டது. நான் வருடா வருடம் இவற்றை எழுதுவேன். எழுதும்போது, இந்த நாளே இப்படித்தான், நல்லது நடக்காத நாள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே அழுத்துவேன். சாக்பீஸ் உடைந்துபோகும்.

நீ ஆறாம் வகுப்பு படிக்கும்போது நடந்தது உனக்கு நினைவிருக்கும். அடி வாங்கியவனுக்கு எப்படி மறக்கும்? ஆகஸ்ட் இருபத்து மூன்று அன்று. சாயங்காலம் நீ சாக்பீஸை எடுத்து, நான் எழுதியதற்குக் கீழே, குண்டு குண்டான எழுத்தில், 'எங்கள் வீட்டில் இன்று ஒன்றும் நடக்கவில்லை' என்று எழுதிவிட்டு, "அம்மா, இங்க வந்து பாரேன்" என்று சிரித்துக்கொண்டே கூப்பிட்டாய். நான் வந்து பார்த்தேன். உன் கன்னத்தில் ஓங்கி அறைந்துவிட்டேன். படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். நீ அழவில்லை. "நான் இன்னாம்மா தப்பு பண்ணேன்? எழுத்துப் பிழையா?" என்று கேட்டுவிட்டு அந்த வரியை நீயே திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தாய். எனக்கு இன்றும் தாங்க முடியாதது அந்த அறை இல்லை. நீ அந்த வரியில் பிழை தேடிக்கொண்டு நின்றதுதான். அதில் எழுத்துப் பிழை இல்லை, கண்ணு. உன்மேல் ஒரு தப்பும் இல்லை. பதினேழு வருடம் கழித்துச் சொல்கிறேன். மன்னித்துவிடு.

அதற்குப் பிறகும் நான் மாறிவிடவில்லை. அந்தத் தேதி வந்தால் யாரிடமும் பேசாமல் இருப்பேன். உன் அப்பா அன்று ஏதாவது ஒரு சாக்கு வைத்துக்கொண்டு வெளியே போய்விடுவார். நீ எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, சண்டை போட்டிருக்கிறார்கள் என்று நினைத்து, இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து சாப்பிடுவாய். மூன்று வருடம் முன்னால் சந்திரயான் நிலாவில் இறங்கியது அதே தேதியில்தான். அன்றும் நான் சீக்கிரமே வீட்டுக்குப் போய்விடலாம் என்று பையை எடுத்துக்கொண்டேன். படிக்க வருகிற பிள்ளைகள் விடவில்லை. யாரோ ஒருவனின் லேப்டாப்பைப் பத்திரிகை மேசை மேல் வைத்து, முப்பது பேர் சுற்றி நின்றார்கள். "மேடம், இன்னும் அஞ்சு நிமிஷம்தான் மேடம், இருங்க" என்று ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். திரையில் அந்தக் கோடு மெதுவாக இறங்கி இறங்கி வந்தது. இறங்கிவிட்டது என்றதும் அத்தனை பிள்ளைகளும் கத்தினார்கள். நூலகத்தில் சத்தம் போடாதீர்கள் என்று இத்தனை வருடம் அதட்டியவள், நானும் சேர்ந்து கத்தினேன். அந்தப் பெண் என்னைக் கட்டிக்கொண்டாள். வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் எனக்கு உறைத்தது, இன்று அரை மணி நேரம் நான் குழந்தையை நினைக்கவே இல்லை என்று. சந்தோஷப்பட வேண்டியவள், அவளுக்குத் துரோகம் செய்துவிட்டதாகக் குமைந்தேன். என் மனது எப்படி இறுகிக் கிடந்தது என்று உனக்குப் புரிய வேண்டும் என்பதற்காகத்தான் இதையும் எழுதுகிறேன்.

போன வியாழக்கிழமை நான் வேங்கிக்காலில் இருக்கிற நிவேதா வீட்டுக்குப் போனேன். யாரிடமும் சொல்லவில்லை. நீ எனக்குப் போன் செய்யாததோடு, நிவேதா உன்னிடம் 'உங்க அம்மாவுக்கு என்னப் புடிக்கலன்னா நாம யோசிக்கலாம்' என்று சொன்னதாக உன் அப்பாவிடம் சொல்லியிருக்கிறாய். அவர் அதை என்னிடம் சொல்லிவிட்டு வழக்கம்போல வெளியே போகவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். இதற்கு மேல் மறைத்தால் உன் கல்யாணமே நின்றுபோகும் என்று பயந்தேன். ஷேர் ஆட்டோ பிடித்துப் போய் இறங்கினேன். நிவேதா அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தாள். அவள் அம்மா வாங்க என்றார், காபி கொடுத்தார், என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. நான் நிவேதாவோடு தனியாகப் பேச வேண்டும் என்றேன். அவள் என்னை மொட்டை மாடிக்கு அழைத்துப் போனாள். காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டே, "சொல்லுங்க அத்தை" என்றாள். நான் மலையைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். நான் தூங்கிவிட்டதையும் சொன்னேன். உன் அப்பாவுக்கு அடுத்து இந்த உலகத்தில் அதை நான் சொன்ன முதல் ஆள் அவள்தான். உன்னிடம் சொல்வதற்கு முன்னால் அவளிடம் சொன்னதற்குக் கோபப்படாதே. அவளைத்தான் நான் அவமானப்படுத்தியிருந்தேன்.

அவள் துணிகளை மார்போடு அணைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். தேறுதல் எதுவும் சொல்லவில்லை. நான் சொல்லி முடித்ததும், "அப்ப வேற தேதி பாத்துக்கலாம் அத்தை. மண்டபம் கெடக்குது விடுங்க. வீட்டு வாசல்லயே பந்தல் போட்டாலும் எனக்கு ஓகேதான். நான் அப்பாகிட்ட பேசறேன்" என்றாள். அவ்வளவு சுலபமாகச் சொன்னாள். நான் எதிர்பார்த்துப் போன பதில் அதுதான். ஆனால் அவள் வாயால் அதைக் கேட்டதும் எனக்கு அது வேண்டாம் என்று தோன்றிவிட்டது.

ஏனென்றால் அந்தத் தேதியைப் பற்றி நான் பலகையில் எழுதிய இன்னொன்று இருக்கிறது. அந்த ஒப்பந்தத்தில் பங்கு போடப்பட்ட சின்ன நாடுகளில் மூன்று பால்டிக் கடலோரம் இருக்கின்றன. ஐம்பது வருடம் கழித்து, சரியாக அதே ஆகஸ்ட் இருபத்து மூன்றில், அந்த மூன்று நாட்டு ஜனங்களும் வீட்டைவிட்டு வெளியே வந்து, விடுதலை கேட்டுச் சாலையில் வரிசையாக நின்று கைகோத்துக்கொண்டார்கள். தலைநகரம் விட்டுத் தலைநகரம், அறுநூறு கிலோமீட்டருக்கும் மேல், லட்சக்கணக்கான பேர். கிழவர்களும் கைக்குழந்தைக்காரிகளும்கூட நின்றார்கள். வருடத்தில் எத்தனையோ நாள் இருக்கும்போது தங்களுக்குக் கெடுதல் நடந்த நாளையே தேடி எடுத்து அதில் நின்றார்கள். நான் இதை இருபது தடவைக்கு மேல் எழுதியிருப்பேன். கேள்விக்கு விடை என்று பிள்ளைகள் குறித்துக்கொண்டு போனார்கள். எனக்கு எழுதியதாக ஒரு தடவைகூட நான் படித்ததில்லை. மொட்டை மாடியில் அன்றுதான் படித்தேன். "வேணாம்மா. அதே தேதி இருக்கட்டும். அன்னிக்கு உங்க ரெண்டு பேரையும் கையப் புடிச்சிக்கிட்டு நிக்கறத நான் பாக்கணும்" என்றேன். "நெஜமாவா அத்தை? எங்களுக்காகச் சொல்லலயே?" என்று அவள் இரண்டு முறை கேட்டாள். இல்லை, எனக்காகத்தான் என்றேன். கீழே வந்து அவள் அம்மாவிடம் நானே மன்னிப்புக் கேட்டேன். காரணத்தையும் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. இன்னொரு காபி போட்டுக் கொடுத்தார்.

உனக்குக் கல்யாண அறிவுரை என்று சொல்ல என்னிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. நானும் உன் அப்பாவும் சண்டை போடாத தம்பதி என்று உறவில் எல்லாரும் சொல்வார்கள். நாங்கள் சண்டையே போடாமல், ஒரே வீட்டில், அவர் பின்பக்கமும் நான் சமையலறையிலுமாகத் தனித்தனியாக அழுதிருக்கிறோம். அது நல்ல குடித்தனம் இல்லை. நிவேதாவிடம் ஒன்றை வேண்டாம் என்று சொன்னால், ஏன் வேண்டாம் என்பதையும் சொல்லிவிடு. உடனே முடியாவிட்டால் மறுநாள் சொல். அவள் ஒரு நாள் காரணம் தெரியாமல் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தால், கோபமா என்று கேட்காமல் இன்றைக்கு என்ன தேதி என்று யோசித்துப் பார். நீ பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற பழக்கத்தை மட்டும் விட்டுவிடு. அது உன் அப்பாவிடமிருந்து வந்தது, உனக்கு வேண்டாம்.

அன்றைக்கு நான் படியிறங்கும்போது நிவேதா ஒரு கேள்வி கேட்டாள். "அவங்களுக்கு இன்னா பேரு அத்தை?" அவங்க என்றாள். பதின்மூன்று நாள் இருந்த குழந்தையை உன் அக்கா என்ற மரியாதையோடு கேட்டாள். பெயர் வைப்பதற்கு முன்னாலேயே போய்விட்டாள் என்றேன். ஆனால் ஷேர் ஆட்டோவில் வரும்போது தெரிந்தது, நான் சொன்னது பொய். மனதுக்குள் நான் அவளை எப்போதும் மலர் என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் வேங்கிக்கால் போய்வந்ததைச் சொன்னேன், தேதி அதேதான் என்றேன். தலையை ஆட்டினார். "நம்ம கொழந்தைய நான் மலர்னு வெச்சிருக்கேங்க" என்றேன். "நான் கஸ்தூரின்னு இல்ல வெச்சிருக்கேன்" என்றார். "குல்லா வாங்குன அன்னிக்கு, பெங்களூர் போறப்ப ஒரு கொழந்த பஸ்ல ஏறுச்சு. அவங்க அம்மா கஸ்தூரி கஸ்தூரின்னு கூப்ட்டுக்கினே வந்தாங்க. வீட்டுக்கு வந்ததும் உங்கிட்ட சொல்லலாம்னு இருந்தேன்." நாங்கள் இரண்டு பேரும் ஒரே குழந்தையை இத்தனை வருடம் ஆளுக்கொரு பெயரில் வளர்த்திருக்கிறோம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். அப்புறம் அவர் அழுதார். அவர் அழுது நான் பார்ப்பது இதுதான் முதல் முறை. அவர் எழுந்து வெளியே போகவில்லை. நான் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

கல்யாணப் பத்திரிகையில் உன் பெயருக்கு முன்னால் 'இளைய பிள்ளை' என்று போட வேண்டும் என்கிறார் உன் அப்பா. மூத்தது யார் என்று ஊர் கேட்கும், கேட்கட்டும் என்கிறார். எனக்கும் சம்மதம்தான். கேட்டால் எந்தப் பெயரைச் சொல்வது என்பதில் மட்டும் இரண்டு நாளாக எங்களுக்குள் சண்டை நடக்கிறது. மலரா, கஸ்தூரியா? இரண்டு பேரும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. சனிக்கிழமை வா. நிவேதாவையும் வரச் சொல்லியிருக்கிறேன். உன் அக்கா பெயரை நீ வந்து சொல்.

அம்மா